மூலையில் எரிந்த விளக்கு

அக்டோபர் 8, ஆயுத பூஜை

காலையிலிருந்து சந்தனம் அரைத்தே கை ஓய்ந்துவிட்டது. கேமராவுக்குப் பொட்டு, முக்காலிக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மௌஸுக்குக்கூட ஒரு பொட்டு. போன வருஷம் இவர் பக்தி முற்றி லென்ஸ் மேலேயே குங்குமத்தைத் தீற்றிவிட்டார். அதைத் துடைத்து எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதனால் இந்த வருஷம் லென்ஸ் முகப்பில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியைத் திருகி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பூஜையில் புதிதாக ஒரு சாமான் உட்கார்ந்திருந்தது. வைடு ஆங்கிள் அடாப்டர். உள்ளங்கை அகலத்தில் கனத்த கண்ணாடி. லென்ஸுக்கு முன்னால் திருகிக்கொண்டால் படம் அகலமாக வருமாம். மதுரைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு இது?" என்றேன்.

"மண்டபமெல்லாம் சின்னதாயிருச்சுடி ஜெயக்கொடி. எம்புட்டுப் பின்னாடி போனாலும் ஆளுக ஃபிரேமுக்குள்ள அடங்க மாட்டேங்குறாங்க. பொண்ணு வந்தா மாப்பிள்ளை வர மாட்டேங்குறான்."

அருப்புக்கோட்டையில் நாங்கள் படம் எடுக்கும் மண்டபங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்து எதிலும் சுவர் நகரவில்லை. ஆனால் கேமரா பிடிப்பவர் அவர். நான் லைட் பிடிப்பவள், வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டுபவள். பெயர்ப்பலகையிலும் இவர் பெயரில் 'தவமணி வீடியோஸ்' என்றுதான் இருக்கிறது.

சூடம் காட்டிவிட்டுத் திரும்பியவர் பொரிக் கிண்ணத்தை எட்டி உதைத்துவிட்டார். நடக்கிற இடத்தில் வைத்தேன் என்று எனக்குத் திட்டு. சுவரோரமாகத்தான் வைத்திருந்தேன்.

அக்டோபர் 9

இன்னும் பொரி பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 22

ஐப்பசியின் முதல் கல்யாணம். அடாப்டரின் முதல் கல்யாணமும்கூட. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தவள் திகைத்துப் போனேன். படத்தின் நான்கு மூலையும் கறுப்பு. பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கல்யாணம் பார்ப்பது போல இருக்கிறது. மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையின் ஓரத்தில் நின்று சிரித்திருக்கிறார், பாவம். பல் தெரிகிறது, மற்றதெல்லாம் இருட்டு.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்க?" என்றார்.

"எங்கயா? நாலு மூலையும் கருகிப் போயிக் கெடக்கு!"

அவர் நடுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் மூலையில் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தலையைத் திருப்பிப் பார்த்து, "அட, ஆமா" என்றார்.

"எடுக்கும்போது தெரியலையா உங்களுக்கு?"

"வியூ ஃபைண்டர்ல ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித்தான்டி காட்டும். இதுகூடத் தெரியாம வீடியோ எடிட் பண்ற."

அது உண்மைதான். அந்தச் சின்னக் கண்ணாடியில் படம் முழுசாகத் தெரியாது. இருந்தாலும் இத்தனை கறுப்புமா வெட்டுப்பட்டுவிடும்? படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, மூலைகளை வெளியே தள்ளி ஒப்பேற்றினேன். சித்தப்பாவும் சேர்ந்து வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 24

இன்று வேலை இல்லை. மூலை இருட்டு என்னதான் செய்கிறது பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இவருக்குத் தலைவலி, படுத்துவிட்டார். இப்போதெல்லாம் சாயங்காலமானால் தலைவலி.

கேமராவை முக்காலியில் வைத்து, எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, டிவியில் இணைத்தேன். வெள்ளைச் சுவரில் இருட்டு ஒளிய முடியாது. நான்கு மூலையும் கறுப்பு, அதிலும் இடது மேல் மூலை ரொம்ப மோசம். அடாப்டரைக் கழற்றினேன். உள்ளே பூஜைக்குப் போட்ட கண்ணாடி, பொட்டை மட்டும் துடைத்தபடி, அப்படியே இருக்கிறது! அதற்கு மேலேயே அடாப்டரைத் திருகியிருக்கிறார். நடுவில் ஒரு வளையம் கூடுதலாக நின்றால் அடாப்டர் தள்ளிப் போகாதா? தள்ளிப் போனால் அதன் விளிம்பே படத்தில் விழாதா?

"பூஜை போட்டதைத் தீபாவளி வரைக்கும் கழட்டக் கூடாதுடி" என்று உள்ளேயிருந்து குரல்.

"உங்க பக்தியைச் சாமி மெச்சும். கல்யாண வீட்டுக்காரன் மெச்ச மாட்டான்" என்று கழற்றிவிட்டேன்.

மூலைகள் பாதி வெளுத்தன. இடது மேல் மூலை மட்டும் அடம் பிடித்தது. உற்றுப் பார்த்தால் லென்ஸின் திருகு மரையில் சந்தனம் வழிந்து காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. அடாப்டர் எப்படி நேராக உட்காரும்? பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியையும் அணைத்தேன், அதுவும் படத்தை அங்குமிங்கும் நகர்த்தி மூலையைக் கறுப்பாக்குகிறது. கடைசியாக ஜூமை ஒரு தட்டு உள்ளே தள்ளினேன். சுவர் நான்கு மூலையும் பளிச்சென்று வந்தது.

எனக்கே கை தட்டிக்கொண்டேன், தட்ட வேறு ஆள் இல்லை.

அக்டோபர் 27, தீபாவளி

அதிரசம் உதிர்ந்துவிட்டது. இவர் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியும் உடைந்துவிட்டது. ஆட்டோ குறுக்கே வந்ததாம். ஆட்டோக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டபோதுதான் தெரிந்தது, ஆட்டோ ஓரமாக நிறுத்தி வைத்திருந்ததாம். நின்ற ஆட்டோ எப்படிக் குறுக்கே வரும்?

நவம்பர் 12

மறுபடியும் கறுப்பு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

வீட்டில் எல்லாம் சரிசெய்துதான் பையில் வைத்தேன். மண்டபத்தில் ஜூமைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்து வைத்திருக்கிறார். ஒரு தட்டு உள்ளே தள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"தள்ளுனா யாருமே உள்ள வர மாட்டேங்குறாங்கடி."

"மூலை கருத்தது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா விடுவேனா?"

சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு வருகிறவர் குரல் இல்லை அது. சண்டையே போட்டிருக்கலாம்.

நவம்பர் 29

நாளைக்குப் பருப்பு மில் ரத்தினவேல் வீட்டுக் கல்யாணம். ஊரே திரளும். இந்தமுறை இவரை நம்பவில்லை. நானே அடாப்டரைப் பூட்டி, ஜூமைத் தள்ளி, சின்ன டிவியில் போட்டுப் பார்த்தேன். மூலையில் ஒரு பொட்டு இருட்டு இல்லை. "ஜூம் பக்கம் விரல் போச்சு, சோறு கெடையாது" என்று சொல்லியிருக்கிறேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை மேசைக்கு வெளியே வைத்தார்.

நவம்பர் 30

எழுத்து கோணலாக வருகிறது.

முகூர்த்தம். கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மணமக்களுக்குப் பின்னால், இடது பக்கம், மாப்பிள்ளையின் அக்கா கையில் விளக்குப் பிடித்து நிற்கிறாள். இவர் மேடையில் முன்னால். நான் இவருக்கு இடது கைப்பக்கம் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி. என் கண் தாலியில் இருந்தது. இவர் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே என்னைத் தாண்டி இடது பக்கமாக நகர்ந்து, நகர்ந்து, நேராகப் போய் அந்த விளக்கின் மேல் இடித்தார்.

எண்ணெயும் திரியும் அந்தப் பெண்ணின் பட்டுப் புடவையில் விழுந்தன. தீ. கொசுவத்தில் தீ ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஐயர்தான் கலசத் தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றினார். யாரோ ஜமுக்காளத்தைப் போட்டு அமுக்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொப்பளம். வேறு ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை, ஆகவில்லை என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாலி கட்டியாகிவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு பெரியம்மா, "விளக்கு அவிஞ்சு போச்சே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ரத்தினவேல் இவர் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஆளு நிக்கிறது தெரியலை?"

இவர் கேமராவை இறக்கிவிட்டு, எதிரில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் கத்துகிறார்கள் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும், "அந்தப் பொண்ணு திடீர்னு முன்னால வந்துருச்சு" என்றார். அப்புறம், "மூலை இருட்டுடி. விளக்கு அதுல மறைஞ்சிருக்கும்" என்றார். நானும் ஆமாம் என்றேன். அந்த அடாப்டரைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்.

டிசம்பர் 1

கேசட்டைப் போட்டுப் பார்த்தேன்.

மூலைகள் சுத்தமாக இருக்கின்றன. ஜூமைத் தொடவே இல்லை அவர், பாவி மனிதர், ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறார். நடுவில் தாலி. இடது ஓரத்தில் விளக்கு. இருட்டிலா இருக்கிறது? சுடர் நெளிவது தெரிகிறது, அந்தப் பெண்ணின் மூக்குத்தி தெரிகிறது. மேளம் தொடங்கியதிலிருந்து விளக்கு அந்த ஓரத்தில் எரிந்துகொண்டே இருக்கிறது. படம் மெல்ல நகர நகர விளக்கு பெரிதாகிறது, பக்கத்தில் வருகிறது, அப்போதும் அதே ஓரத்தில்தான் இருக்கிறது. பிறகு கூரை. கூச்சல்.

இவர் கண் கேமராவில் இருந்தது. கேமரா விளக்கைப் பார்த்திருக்கிறது.

எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது.

டிசம்பர் 2

வியூ ஃபைண்டரில் ஓரம் வெட்டித்தான் காட்டும். அதுதான். வேறு ஒன்றும் இருக்காது.

டிசம்பர் 3

வெட்டிக் காட்டும்தான். இவ்வளவு வெட்டாது. கேமராவை எடுத்து என் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அலமாரியைக் கிளறி, போன ஆவணியில் அதே மண்டபத்தில் எடுத்த கேசட்டைத் தேடிப் போட்டேன். அப்போது அடாப்டர் கிடையாது. வெறும் லென்ஸ். அதே மேடை, கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்று எடுத்திருக்கிறார். பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார், இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இருக்கிறார்கள், ஐயர் இருக்கிறார், விளக்குப் பிடித்த நாத்தனார் இருக்கிறாள், கொட்டாவி விடுகிற ஒரு குழந்தைகூட இருக்கிறது. எல்லோரும் ஃபிரேமுக்குள் அடங்கி, இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

அந்தப் படத்தில் இவர் குரல் கேட்கிறது. நான் எடிட்டிங்கில் அதை அழித்துவிட்டு நாதஸ்வரம் போட்டிருந்தேன், எப்போதும் செய்வதுதான். இன்று கேசட்டில் கேட்டேன்.

"நெருங்கி நில்லுங்கம்மா. இன்னும் நெருங்கி. அடங்க மாட்டேங்குது."

"இதுக்கு மேல எங்கப்பா நெருங்குறது, மடியிலயா ஏறுறது?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மண்டபம் சின்னதாகவில்லை. ஃபிரேமும் சின்னதாகவில்லை. எது சின்னதாயிற்று என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 5

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றுகிற சாக்கில் பக்கத்தில் போய், காதுக்கு நேராகக் கையை வைத்து ஆட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தேன். கன்னத்துக்கு நேராக. கண்ணோரத்துக்கு நேராக. அப்பளத்தை நொறுக்கினார். என் கை அவர் மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகு திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்னடி ஈயா ஓட்டுற?"

"ஆமா, ஈ" என்றேன்.

அடுக்களைக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். பொரிக் கிண்ணம், செம்பு, ஆட்டோ என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் திட்டியதும் வந்தது.

டிசம்பர் 7

சொன்னேன். குதித்தார். "எனக்கா கண்ணு தெரியலை? ஊசியில நூல் கோக்கவா? நீ கோத்துருவியா?" நூல் கோத்தும் காட்டினார். ஒரே தடவையில் கோத்தார். நான் தோற்றுவிட்டேன். தோற்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் 8

இன்று காலை கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டார். வண்டிச் சாவியை ஒளித்துவிட்டேன்.

டிசம்பர் 19

மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதம், இனிமேல் வேலையைச் சாக்குச் சொல்ல முடியாது. மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேலிருந்து கீழ் வரை, கடைசி வரி பொடி எழுத்து வரை மளமளவென்று படித்தார். படித்துவிட்டு என்னைத் தேடி, "கேமராக்காரன் கண்ணுடி" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தேவிட்டேன்.

பிறகு கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் திரும்பப் பார்த்தார்கள். எங்களை ஓர் இருட்டறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம், ஆள் தலை நுழைகிற அகலத்துக்கு. மோவாயை அதில் வைத்து, நடுவில் இருக்கிற வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வந்து வந்து போகும். வந்தது தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். என்னைக் கதவோரம் நிற்க விட்டார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பெண்ணின் திரை தெரிந்தது. எங்கே வெளிச்சம் எரிகிறது என்று அதில் தெரியும். இவர் அமுக்கினால் ஒரு புள்ளி, அமுக்காவிட்டால் ஒரு கறுப்புக் கட்டம்.

திரையில் ஓரத்தில் எரிந்தது. இவர் விரல் அசையவில்லை. கட்டம். மேலே எரிந்தது. அசையவில்லை. கட்டம். இடது பக்கம், கட்டம், கட்டம். அமுக்குங்கள், அமுக்குங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். நடுவில் எரிந்தபோது மட்டும் டக்கென்று அமுக்கினார். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு சுறுசுறுப்பாக அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் திரையில் நடு மட்டும் வெளுத்து, சுற்றிலும் நான்கு மூலையும் கறுத்துப் போய்விட்டது. அந்தப் படத்தை நான் ஐப்பசியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல் பிரஷ் வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

வெளியே வந்தவர் முகம் தெளிவாக இருந்தது.

"சுலபமா இருந்துச்சுடி. கொஞ்சம் லைட்டுதான் போட்டாங்க. போட்ட அத்தனைக்கும் அமுக்கிட்டேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நடுவில் கையைப் பிடிக்கிறாளே என்று கூச்சப்பட்டார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் பிரஷர் கூடி நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறதாம். பல வருஷமாக. நடுப் பார்வை மட்டும் மிச்சம்.

"ஓரம் இருட்டாத் தெரியும்ல டாக்டர்? எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றார் இவர்.

"இருட்டாத் தெரியாதுங்க. இல்லாத இடத்தை மூளையே ஏதாவது போட்டு நிரப்பிக்கும். அதனாலதான் யாருமே சீக்கிரம் வர்றதில்லை. போனது திரும்ப வராது. சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடாமப் போட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம். வண்டி ஓட்டக் கூடாது."

இவர் அந்தக் கறுப்புப் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏதாச்சும் கழட்டுனா, தேச்சா, சரியாகாதா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

டிசம்பர் 20

காலையும் மாலையும் சொட்டு மருந்து. நான்தான் போடுகிறேன். மத்தியானம் வரை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், "அந்தக் கேசட்டைப் போடு" என்றார்.

ரத்தினவேல் வீட்டுக் கல்யாணத்தை இதுவரை இவருக்குக் காட்டவில்லை. போட்டேன். மேளம். தாலி. இவர் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இடது பக்கம் திருப்பினேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"முதல்லருந்து இருக்கு."

நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை தலையைத் திருப்பி விளக்கை மட்டும் பார்த்தார். அது பெரிதாகிக்கொண்டே வருவதை, கேமரா ஆடுகிற வரைக்கும் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எங்க போயிருந்த அப்ப?" என்று கேட்டார்.

"எப்ப?"

"தாலி கட்டுறப்ப. லைட்டு மட்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு, உன்னைக் காணோம். ஸ்டாண்டுல மாட்டிட்டுப் பந்திக்குப் போயிட்டன்னு நெனச்சேன். கொஞ்ச நாளாவே நீ அப்படித்தான் போயிடுற, ஏதும் கோவமா இருக்கியோன்னு நான் கேக்கல."

எழுந்து போய் அவருக்கு நேர் எதிரில், அவர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தேன்.

"நான் எங்கயும் போகலை" என்றேன். "உங்க இடது கைப்பக்கம்தான் நின்னேன்."